ஆம்ப்ளிஃபையரை மாற்றும் முன் காதைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 59 வயது. கோவையில் ஒரு நூற்பு மில்லில், ரிங் ஃபிரேம் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து மேஸ்திரியாக இருந்து, 35 வருட வேலைக்குப் பிறகு போன வருடம் ஓய்வு பெற்றேன். வேலையை விரும்பித்தான் செய்தேன். எந்த ஸ்பிண்டிலில் (நூல் சுற்றும் கதிர்) போல்ஸ்டர் (அதைத் தாங்கும் பேரிங்) காய்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். "மில் வேலை பிடித்திருந்தது" என்று சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். வீட்டில் 1991இல் வாங்கிய ஸ்டீரியோ செட் இருக்கிறது. 400 கேசட்டுகளும் 60 எல்.பி. ரெக்கார்டுகளும் சேர்த்திருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து கேட்கலாம் என்று இத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் பழைய தெளிவு இல்லை. வயலின் மங்கலாக இருக்கிறது, ஜால்ரா, சலங்கை எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் வீட்டுக்காரம்மா கோபப்படுகிறார். கிராஜுவிட்டி பணத்தில் இரண்டு லட்சம் போட்டு 100 வாட் ஆம்ப்ளிஃபையரும் பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கலாம் என்று இருக்கிறேன். மகன், "எல்லாம் போனிலேயே இருக்கு, கேசட்டைத் தூக்கிப் போடுங்க" என்கிறான். ராத்திரி படுத்தால் காதில் மிஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம் வேறு. என்ன செய்யலாம்?
(வாசகர், சிங்காநல்லூர்)

பதில்:

ஐயா, வணக்கம். நீங்கள் ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் காது மேல்தான் கவலை வந்தது. அந்த இரண்டு லட்சத்தை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். முதலில் ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கர் கடைக்கு அதன் பிறகு போகலாம்.

நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் குழந்தைகள் தூக்கம் கலைந்து எழும். அப்பா தறியில் நின்றே காலத்தைக் கழித்தார். ஐம்பது வயதில் அவருக்குக் காது மந்தமானது. வீட்டில் யாரும் அதை ஒரு கோளாறாக நினைக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் செவித்திறன் படிப்புக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அதனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒவ்வொரு அறிகுறியும் எனக்கு வீட்டுப் பழக்கம்.

உங்கள் காதில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று சொல்கிறேன். உள்காதில் நத்தை வடிவில் ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குப் புரிகிற செய்தியாக மாற்றுவது இவற்றின் வேலை. தொடர்ந்த இரைச்சலில் இவை சோர்ந்து, வருடக்கணக்கில் செத்துப்போகும். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. எல்லா அணுக்களும் ஒன்றுபோல் போவதும் இல்லை. இரைச்சலின் முதல் அடி 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் கூர்மையைச் சொல்லும் அளவு, எண் கூடினால் ஒலி கீச்சென்று மேலே போகும்) பக்கத்தில் விழும். நாங்கள் எடுக்கும் ஆடியோகிராம் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். மில், தறி, கொதிகலன், லாரி என்று வேலை பார்த்தவர்களின் படங்களில் இந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. வயது ஆக ஆக 8000, 6000 என்று மேலிருந்து இன்னொரு இறக்கமும் வந்து அதோடு சேர்ந்துகொள்ளும்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருவோம். சுருதியும் ஸ்வரமும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடும். அதனால் ராகம் தெரியும், மெட்டு தெரியும், யார் பாடுகிறார் என்பதும் தெரியும். ஜால்ராவின் கிணுகிணுப்பு, சலங்கை, வயலின் வில்லின் உரசல், தம்புராவின் ரீங்காரத்தில் மேலே மினுமினுக்கும் பகுதி, தவிலின் வலப்பக்கத்தில் விரல்கூடு படும் 'டக்' எல்லாம் அதற்கு மேலே வாழ்பவை. பாட்டின் உடம்பு உங்களுக்குக் கேட்கிறது, மேலே தெறிக்கிற பளபளப்பு போய்விட்டது. பேச்சிலும் இதே கதைதான். 'கடை', 'தடை', 'படை' மூன்றையும் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்தின் வெடிப்பில் மேல் அலைவரிசைதான் அதிகம். வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால், அவர்கள் பேசும்போது "என்ன? என்ன?" என்று கேட்கிறீர்களா என்று வீட்டுக்காரம்மாவிடம் விசாரியுங்கள். இதில் அவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

சத்தத்தைக் கூட்டினால் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. வால்யூமைத் திருப்பினால், உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கிற கீழ்ப்பகுதியும் சேர்ந்தே ஏறுகிறது. கீழ்ச் சத்தம் ஏற ஏற, அது மேல்ச் சத்தத்தை மூடிவிடும். வாட் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறதோ" என்று தோன்றும் அளவு. இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். இரண்டு லட்சம் கொடுத்து மிச்சமிருக்கிற மயிரணுக்களையும் இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, பரிசோதனைக்கு எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவிலேயே செய்துகொள்ளலாம். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த செவித்திறன் நிபுணர்தானா (ஆடியாலஜிஸ்ட்) என்று கேளுங்கள். காது மெஷின் விற்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் இலவசச் சோதனை போதாது. ஒலி தடுத்த அறையில் உட்காரவைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மருத்துவர் காதுக்குள் பார்த்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று சொல்லட்டும். சில பேருக்குப் பாதிப் பிரச்சினை அழுக்கை எடுத்ததும் தீர்ந்துவிடும். தயவுசெய்து நீங்களாகப் பட்ஸ் போடாதீர்கள், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் ஊற்றாதீர்கள். ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஒரே நாளில் திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதில் நாள் கடத்தினால் மீட்பது கடினமாகிவிடும்.

இரவில் கேட்கும் அந்த மிஷின் சத்தம் மனப் பிரமை இல்லை. மேல் அலைவரிசையில் காதிலிருந்து செய்தி குறையும்போது, மூளை அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். முழு நிசப்தத்தில் அது பெரிதாகத் தெரியும். படுக்கும்போது மின்விசிறி ஓடட்டும், அல்லது தம்புரா சுருதியை மிக மெல்லிய அளவில் வைத்துக்கொண்டு படுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிங் ஃபிரேம் பிரிவில் 90 டெசிபெலை ஒட்டியே இரைச்சல் இருக்கும், தாண்டுவதும் உண்டு. நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு வரம்பே 90தான். 85 டெசிபெலிலேயே காதைப் பாதுகாக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால், பரிசோதனை அறிக்கையோடு அந்த அலுவலகத்தில் ஒரு தடவை விசாரியுங்கள். கிடைக்கும் கிடைக்காது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் விடக் கூடாது. எங்கள் அப்பா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

காது குறை என்று உறுதியானால் பாட்டு போச்சு என்று நினைத்துவிடாதீர்கள். செட்டையும் அறையையும் உங்கள் காதுக்கு ஏற்றபடி மாற்ற நிறைய வழி இருக்கிறது. செலவும் அதிகம் ஆகாது.

ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழை நடுவிலிருந்து சற்றுக் குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பெரும்பாலோர் நேர் எதிராக வைத்திருப்பார்கள். அப்புறம் ஸ்பீக்கர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல் ஒலியைத் தரும் சின்னக் கூம்பு, டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் அடிக்கும். பெட்டி தரையிலோ பரண்மேலோ இருந்தால் அது உங்கள் காதுக்கு வந்து சேராது. நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கூம்பு காது மட்டத்தில் வர வேண்டும். நல்ல கனமான ஸ்டூல் போதும். இரண்டு பெட்டிகளும் நீங்களும் ஒரு சம முக்கோணமாக, ஆறு ஏழடி தூரத்தில் இருங்கள். மூலையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் கீழ்ச்சத்தம் கும்மென்று வீங்கும், எனவே ஒன்றரை அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள். வால்யூமைக் கூட்டுவதற்குப் பதில் நாற்காலியை முன்னால் நகர்த்தினால் போதும். அடுப்படியில் இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கும் நிம்மதி.

நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், சிமென்ட் கூரை. ஒலி சுற்றிச் சுற்றி எதிரொலித்து மங்கிவிடும். காது நன்றாக இருப்பவருக்கே சொல் குழம்பும், உங்களுக்கு இன்னும் அதிகமாகக் குழம்பும். தரையில் ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பின் சுவரில் புத்தக அலமாரி, இந்த மூன்றே வித்தியாசம் காட்டும். கேட்கும் நேரத்தில் மின்விசிறி வேண்டாம். விடியற்காலையில் தெரு எழும்பும் முன் கேட்டுப் பாருங்கள். மில்லில் முதல் ஷிஃப்டுக்குப் போன பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கும் அல்லவா?

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். மங்கல் முழுவதும் காதில்தானா, செட்டிலும் இருக்கிறதா? அதே நாற்காலியில் இருபது வயதுக்குள் இருக்கும் ஒருவரை உட்காரவைத்து, ஜால்ரா நன்றாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். அவருக்கும் மங்கலாகக் கேட்டால் கேசட் டெக்கைப் பார்க்க வேண்டும். ஹெட் அழுக்கேறினால் முதலில் போவது மேல்ஒலிதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். ஹெட்டின் சாய்வு இம்மி மாறினாலும் இதே மங்கல் வரும், ஒரு சின்ன திருகில் அது சரியாகும். ஸ்பிண்டில் நேர்பார்த்த கைக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட்டும் கம்பெனி கேசட்டும் வெவ்வேறு மிஷினில் பதிந்தவை. ஒன்றுக்குச் சரியான சாய்வு மற்றதற்குச் சற்று விலகியிருக்கலாம். இதை ஒரு நல்ல டெக் மெக்கானிக்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

காது மெஷின் வேண்டியிருந்தால் இரண்டு காதுக்கும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரியோ என்பதற்கே அர்த்தமில்லை. அதில் 'மியூசிக் புரோகிராம்' என்று தனியாக ஒன்று வைத்துத் தரும்படி கட்டாயம் கேளுங்கள். காது மெஷின் பேச்சுக்காகவே வடிவமைக்கப்பட்டது. நீண்டு நிற்கிற ஒற்றை ஸ்வரம் வந்தால், தான் 'கூய்' என்று ஊளையிடுவதாக நினைத்து அதை அடக்கப் பார்க்கும். புல்லாங்குழல் கார்வை நடுங்குவதுபோல் கேட்பது இதனால்தான். ஒருவர் புல்லாங்குழல் மேதை மாலியின் ரெக்கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து என்னிடம் வந்தார். மெஷினில் அந்த அடக்கியை பாட்டுக்கு மட்டும் தளர்த்தி வைத்தேன். ரெக்கார்டில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் பொருத்திக்கொள்ளப் போகும்போது, மனப்பாடமாகத் தெரிந்த நாலு பாட்டை போனில் எடுத்துப் போங்கள். அங்கேயே போட்டுக் கேட்டு, "இங்கே வில் உரசணும், இங்கே ஜால்ரா வரணும்" என்று சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு வருகிற பெருக்கி மெஷின் வேண்டவே வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டி, இருப்பதையும் கெடுக்கும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். வீட்டில் அளவுகோல் எளிது. பாட்டு ஓடும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

இனி உங்கள் கேசட்டுகள். மகன் சொல்வது பாதி சரி. சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதி போனில் கிடைக்கும்தான். ஆனால் ரெக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, நீங்களே கைப்பட எழுதிய வரிசையில் பதிந்து வாங்கியது வேறு எங்கே இருக்கிறது? ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டின் முதல் வரி மனதில் ஓடுமே, அந்த வரிசை உங்களுடையது. கல்யாணத்தில் டேப் ரெக்கார்டரில் பிடித்த நாதஸ்வரம், பெரியவர்களின் பேச்சு, குழந்தையின் மழலை என்று ஏதாவது இருந்தால் அவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். டேப் என்றைக்கும் இருக்காது. நம் ஊர் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், உள்ளே அழுத்தும் சின்னப் பட்டை கழன்று விழும், சுற்று ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

கணினியில் மாற்றி வைக்க ஒரு சாதாரண யு.எஸ்.பி. ஒலி இணைப்புக் கருவி போதும். சி.டி. தரத்தில், சுருக்காமல் 'வேவ்' கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 635 எம்.பி. வரும். 400 கேசட்டும் சேர்ந்து 250 ஜி.பி. சொச்சம். உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை மகன் வீட்டில் கொடுத்து வையுங்கள். கேசட் ஓடுகிற நேரமேதான் பதிகிற நேரமும். நாளைக்கு இரண்டு என்றால் 200 நாள். காலையில் ஹெட் துடைப்பது, டேப்பைச் சுற்றி விட்டு இறுக்கம் சரிபார்ப்பது, எதில் என்ன பழுது என்று நோட்டில் எழுதுவது, எல்லாம் நீங்கள் 35 வருடம் செய்த வேலையின் சாடையில்தான் இருக்கும். மேல்ஒலி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் சின்னக் காது ஒன்று வேண்டும். மகனையோ பேரக் குழந்தையையோ வாரம் ஒரு முறை பக்கத்தில் உட்காரவையுங்கள். அப்போது ஒவ்வொரு கேசட்டும் எங்கே வாங்கியது என்ற கதையும் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

வேலை பிடித்திருந்தது என்றால் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் வருகிற ஓய்வுபெற்றவர்களில், வேலையை விரும்பியவர்கள்தான் முதல் வருடம் அதிகம் தவிக்கிறார்கள். சம்பளம் நின்றதைவிட, "மேஸ்திரி, இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று யாரும் வந்து நிற்காததுதான் அவர்களை வாட்டும். நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒன்றாகச் சுழலும்போது நடுவில் ஒன்று மட்டும் தனியாக முனகுவதைப் பிடித்த காது உங்களுடையது. கச்சேரியில் பக்கவாத்தியத்தின் ஒரு சொல் விலகுவதைப் பிடிக்கிற கவனமும் அதுவேதான். மயிரணுக்கள் குறைந்திருக்கலாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த மூளை அப்படியே இருக்கிறது. காது மெஷின் பொருத்தியவர்களில் உங்களைப் போல் கேட்டுப் பழகியவர்கள் சீக்கிரம் தேறுவதை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மில் நண்பர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்து ஒரு எல்.பி. போடுங்கள். அவர்களுக்கும் "என்ன? என்ன?" இருக்கும். அவர்களையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பரிசோதனைக்குக் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பாட்டை உரக்க வைக்க வேண்டாம். கல்யாண மண்டபத்து பேண்டு, பட்டாசு, இரண்டு மணி நேர பைக் பயணம் எதுவும் வேண்டாம். காது களைத்திருந்தால் அளவு தப்பாக வரும். வீட்டுக்காரம்மாவையும் அழைத்துப் போங்கள். அறிக்கையை வாங்கியதும் 4000க்கும் 8000க்கும் நேரே என்ன எண் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். ஆம்ப்ளிஃபையர் பேச்சை அதன் பிறகு எடுப்போம்.